புகையைப் பிடித்து வைப்பது: பரல் உலையில் கரி, மரக்காடி, கீல்

வன்னியில் கரி சுடும் இடம் எது என்று யாரும் வழி கேட்கத் தேவையில்லை. விடியற்காலையில் மரங்களுக்கு மேலே மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை படர்ந்து நிற்கும். நூறு கிலோ காய்ந்த விறகு சூளைக்குள் போனால், நன்றாகச் சுட்டாலும் முப்பது கிலோ கரிதான் கைக்கு வரும். மிச்ச எழுபது கிலோவும் அந்தப் புகையாகத்தான் போகிறது. அதைக் குளிரவைத்தால் பாதிக்கு மேல் திரவமாக இறங்கும். அந்தத் திரவத்தில் வினாகிரியில் உள்ள அதே அசற்றிக்கமிலம் இருக்கிறது. மெதனோல், பீனோல் வகைகள், கீல் எல்லாம் இருக்கின்றன. குளிர்ந்தும் திரவமாகாத வாயு அடுப்பில் எரியும்.

இந்தப் புகையை வீணாக்காமல் பிடிக்க, 200 லீற்றர் பரல் ஒன்றில் எப்படி உலை அமைப்பது, எப்படி ஓட்டுவது, வந்த பொருளை எப்படித் தெளியவைத்துப் பயன்படுத்துவது என்பதே இங்கு சொல்லப்படுகிறது. புதிதாகத் தொடங்குபவர் மூன்று பொருள்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: கரி, மரக்காடி (புகை குளிர்ந்து இறங்கும் புளித்த திரவம்), கீல் (அதோடு வரும் கறுத்த, தடித்த தார்). மெதனோலையும் அசற்றோனையும் பிரித்தெடுக்கும் ஆசை வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

சூட்டுக்குள் என்ன நடக்கிறது

காற்றுப் படாமல் சூடேறும் விறகு எரியாது, பிரியும். ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வரை ஈரம்தான் வெளியேறும். 200 முதல் 280 பாகைக்குள் விறகில் உள்ள அரைச்செலுலோசு என்ற பொருள் உடைகிறது. அசற்றிக்கமிலமும் மெதனோலும் வரத் தொடங்குவது இங்கேதான். 280 பாகையைத் தாண்டியதும் விறகு தானே வெப்பத்தை வெளிவிடத் தொடங்கும். செலுலோசு உடைந்து புகை பெருகும், உலை தன் பாட்டில் ஓடுவது போலத் தெரியும். புதியவர்கள் தவறு விடுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். நெருப்பைக் குறைக்க வேண்டிய இடத்தில் இன்னும் விறகு தள்ளுவார்கள். 400 பாகையில் கரி முடிந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கீல் நிறையத் தங்கியிருக்கும். அப்படிப்பட்ட கரி எரியும்போது புகையும். 450 முதல் 500 பாகை வரை கொண்டுபோனால்தான் புகையில்லாத கரி கிடைக்கும்.

சூடு எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவுக்குக் கரியும் காடியும் நன்றாக வரும். அவசரப்படுத்தினால் கீலும் வாயுவும் கூடும், கரி குறையும்.

முதலில் ஒரு பால்மாப் பேணி

பரலில் கைவைக்கும் முன் இதை ஒரு தடவையாவது செய்து பாருங்கள். தகர மூடி இறுக்கமாக அமரும் பேணி ஒன்றை எடுங்கள். விரல் தடிப்பில் பிளந்த காய்ந்த குச்சிகளை நிறுத்து (150 கிராம் போதும்) அதில் அடுக்குங்கள். மூடியின் நடுவில் ஆணியால் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். துளை இல்லாவிட்டால் பேணி வெடிக்கும். வீட்டுக்கு வெளியே விறகடுப்பில் வையுங்கள்.

முதலில் துளையால் வெறும் நீராவி வரும். நெருப்புக் காட்டினாலும் பற்றாது. பிறகு புகை மஞ்சளித்து மூக்கை அரிக்கும், இப்போது கொளுத்தினால் துளையில் சுடர் நிற்கும். கடைசியில் சுடர் நீலமாகிச் சுருங்கி அணையும். அணைந்தவுடன் இறக்கித் துளையை ஈரக் களிமண்ணால் அடைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறும் வரை திறக்காதீர்கள். 40 முதல் 45 கிராம் கரி இருந்தால் சரி. உடைத்துப் பார்க்கும்போது உள்ளே மண்ணிறமாக இருந்தால் நேரம் போதவில்லை. நீராவி, மஞ்சள் புகை, சுருங்கும் சுடர் என்ற இந்த மூன்று கட்டத்தையும் கண்ணாலும் மூக்காலும் அறிந்துகொண்டவருக்குப் பரல் உலை புதிராக இருக்காது.

விறகு எங்கிருந்து

காட்டை வெட்டி இந்த வேலை செய்யக் கூடாது. பாலையும் முதிரையும் கருங்காலியும் ஒரு தலைமுறையில் வளர்வன அல்ல. அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றமும்கூட. தேவையும் இல்லை. வேலியில் நிற்கும் கிளிரிசிடியா, இப்பில் இப்பில் வருடத்துக்கு இரண்டு தடவை கொப்பு வெட்டத் தரும். தச்சுப் பட்டறைக் கழிவு, வேம்பின் காய்ந்த கிளை, தேங்காய்ச் சிரட்டை, பனங்கொட்டையின் ஊமல் எல்லாம் நல்ல மூலப்பொருள். மன்னார்ப் பக்கம் பரவி நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலை எவ்வளவு எடுத்தாலும் நல்லதுதான். கரியை விற்கவோ வாகனத்தில் ஏற்றவோ எண்ணினால், தொடங்கும் முன்பே கிராம அலுவலரிடமும் வனவளத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போடக் கூடாதவை சில உண்டு. அலரியின் புகை நச்சு. களப்போரத்துத் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் எரிக்கும். அதோடு கண்டல் மரத்தில் கைவைக்கவே கூடாது. பெயின்ற் அடித்த பலகை, மருந்து ஏற்றிய கம்பம், ஒட்டுப்பலகை, பிளாஸ்ரிக் கலந்த குப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. அவற்றின் நஞ்சு அப்படியே காடியில் வந்து சேரும். போர் நடந்த இடங்களில் நின்ற பழைய மரங்களுக்குள் சன்னமும் இரும்புத் துண்டும் ஏறியிருக்கும். அறுக்கும்போது உலோகம் தட்டுப்பட்டால் அந்தத் துண்டை விலக்கி வையுங்கள்.

விறகு 3 முதல் 5 சென்ரிமீற்றர் தடிப்பில், ஒரே அளவாகப் பிளந்திருக்க வேண்டும். மொத்தமும் மெல்லியதும் கலந்தால் மெல்லியது முடிந்து மொத்தம் குறைக்கரியாக நிற்கும். சோளகம் வீசும் மாதங்களில், மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து அடுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் ஈரம் 15 முதல் 20 வீதத்துக்கு இறங்கும். ஒரு துண்டில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை நிறுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து நிறை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. பச்சை விறகு போட்டால் வெளி விறகு இரட்டிப்பாகச் செலவாகும், காடியும் தண்ணீராக நீர்த்துப்போகும்.

இடம்

மண் மூடிய சூளைக்குக் குழி வெட்ட வேண்டும். வன்னியில் அதைவிட நிலத்துக்கு மேலே கட்டும் பரல் உலை பாதுகாப்பானது. மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நிலத்தில் மட்டும் கட்டுங்கள். வெடிக்காத பொருள் மண்ணுக்குள் கிடந்தால் மேலே எரியும் நெருப்பே போதும். பற்றைக்குள் கிடக்கும் பழைய பரலை இழுத்து எடுக்கவும் வேண்டாம். சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வீடு, கிடுகு வேலி, வைக்கோற்போர் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 15 மீற்றர் தள்ளி, சோளகம் புகையை வீட்டுப் பக்கம் கொண்டுவராத மூலையைத் தேர்ந்தெடுங்கள். கிணற்றடி வேண்டாம். கீல் ஒரு கரண்டி கிணற்றுக்குள் போனாலும் தண்ணீர் நாறும். சுற்றிலும் 3 மீற்றருக்குச் சருகும் புல்லும் செருக்கி, இரண்டு வாளி தண்ணீரும் மணற்குவியலும் பக்கத்தில் இருக்கட்டும். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமல் கொல்லும். ஆகவே சுவரடைத்த கொட்டிலுக்குள் உலை வைக்காதீர்கள், மேலே கூரை மட்டும் போதும். தலையிடியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும்.

உலை கட்டுதல்

முழு மூடியும் வளையப் பூட்டும் உள்ள 200 லீற்றர் இரும்புப் பரல் வேண்டும். பூச்சிமருந்து வந்த பரல் ஆகாது. எண்ணெய்ப் பரல் என்றால் மூடியைக் கழற்றித் திறந்தவெளியில் உள்ளே விறகு போட்டு ஒருமுறை நன்றாக எரித்து எடுங்கள். மூடி இறுக்கிய எண்ணெய்ப் பரலில் வெல்டிங் தீ பட்டால் அது குண்டுதான்.

பரலின் அடித்தட்டில், கிடத்தும்போது மேல்விளிம்புக்கு அருகே வரும்படி, 2 அங்குல இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்யுங்கள். இதைவிடச் சிறிய குழாய் கீலால் அடைபடும். அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், இந்த வேலையில் பெரிய ஆபத்து அதுதான். அதனால் முன்மூடியில் இன்னொரு 2 அங்குலத் துளை போட்டு, அதன் மேல் குட்டையான நிமிர்ந்த குழாயை ஒட்டி, வாயில் ஒரு இரும்புத் தட்டை வெறுமனே வைத்துப் புற்றுமண்ணால் ஓரம் பூசுங்கள். அழுத்தம் ஏறினால் தட்டு தூக்கி விடும். அந்தத் தட்டின் மேல் கல்லோ கம்பியோ வைக்கவே வேண்டாம்.

பரலைக் கிடையாக வைத்து, அடியில் 25 சென்ரிமீற்றர் எரியிடம், இரு பக்கமும் நாலு விரற்கிடை இடைவெளி விட்டுச் செங்கற்சுவர் எழுப்புங்கள். 250 கல் அளவில் போகும். சீமெந்து வேண்டாம், மண் சாந்து போதும். சீமெந்துக் கல்லும் சாந்தும் சூட்டில் வெடித்து உதிரும். பரலின் அடியைத் தாங்க இரண்டு இடத்தில் தடித்த இரும்புச் சட்டம் குறுக்கே கொடுங்கள், சிவக்கும் பரல் தொய்யும். மேலே பழைய தகரம் வளைத்துப் போட்டு மண் பூசி, பின்புறத்தில் 4 அங்குலப் புகைபோக்கியை ஒன்றரை மீற்றருக்கு நிறுத்துங்கள்.

இனிப் புகை போகும் வழி. பரலை விட்டு வெளிவரும் குழாய் முதலில் மூடியுள்ள 20 லீற்றர் இரும்பு வாளிக்குள் போக வேண்டும். இது கீல் வாளி. தடித்த கீல் இங்கே விழுந்துவிட்டால் பின்னால் அடைப்பு வராது. வாளியின் மேற்பக்கத்திலிருந்து, புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஒடுக்கிக் குழாய் புறப்படும்: 2 அங்குலம் அகலம், 3 மீற்றர் நீளம், பத்துக்கு ஒன்று சரிவு, அதாவது மற்ற முனை 30 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். நெடுக்காகப் பிளந்த பரல்களைத் தொட்டியாக்கி, அதில் நிரப்பிய தண்ணீருக்குள்ளால் இந்தக் குழாய் போகட்டும்.

குழாய் எதனால் ஆனது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எவர்சில்வர் சிறந்தது, செம்பும் நல்லது. வெறும் இரும்பை அமிலம் தின்னும், காடி மை போலக் கறுக்கும். நாகம் பூசிய தண்ணீர்க் குழாய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நாகம் காடியில் கரைந்து பயிருக்கு நஞ்சாகும். சூடுபட்டால் அதன் புகை காய்ச்சல் கொடுக்கும். பிவிசி இளகிவிடும். கையில் காசு இல்லாவிட்டால், கணு நீக்கிய மூங்கிலை 4 மீற்றருக்கு நீட்டி, ஈரச் சாக்குச் சுற்றிக் காற்றில் குளிரவிடலாம். காடி குறைவாக வரும், ஆனால் சுத்தமாக வரும்.

ஒடுக்கியின் தாழ்ந்த முனையில் டி இணைப்பு ஒன்று. கீழ்க்கால் பிளாஸ்ரிக் கானுக்குள் காடியை இறக்கும். மேற்கால் வாயுவைக் கொண்டுபோகும். அந்த வாயு மூடியுள்ள ஒரு வாளித் தண்ணீருக்குள் 2 சென்ரிமீற்றர் மட்டும் மூழ்கி, குமிழியிட்டு மேலே வந்து, 1 அங்குலக் குழாயால் எரியிடத்துக்குப் போக வேண்டும். இந்தத் தண்ணீர்ப் பூட்டு இல்லாமல் வாயுவைக் கொளுத்தவே கூடாது. சுடர் பின்னோக்கி ஓடிப் பரலுக்குள் போனால் மூடி பறக்கும். கானின் வாயையும் குழாயோடு சேர்த்து ஈரத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வாயு அந்த வழியால் தப்பும்.

ஓட்டம்

விறகை நிறுத்து, நீளவாக்கில் நெருக்கமாக அடுக்குங்கள். ஒரு பரலுக்கு 50 முதல் 60 கிலோ போகும். குழாய் வாய்க்கு முன்னால் ஒரு கையளவு இடம் விடுங்கள். மூடியின் ஓரத்துக்குப் புற்றுமண்ணும் சாம்பலும் சரிக்குச் சரி குழைத்துப் பூசுங்கள். வெறும் களிமண் காய்ந்து வெடிக்கும், புற்றுமண் வெடிக்காது. குழாய் பரலை விட்டு வெளிவரும் இடத்தில் சூட்டுமானி ஒன்று பொருத்துங்கள். அது காட்டுவது வெளிவரும் புகையின் சூடு, உள்ளே விறகின் சூடு அல்ல. காடியின் தரத்தை முடிவு செய்வது அந்த எண்தான்.

காலை ஆறு மணிக்கு மூட்டினால் வெயிலுக்கு முன் பாதி வேலை முடியும். முதல் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சிறு நெருப்பு. வெள்ளை நீராவியும் வெறும் தண்ணீரும் வரும். சூட்டுமானி 80 பாகையைத் தொடும் வரை வருவதைத் தனி வாளியில் பிடித்து ஒதுக்குங்கள். பரலுக்குள் இருந்த காற்றை இந்த நீராவிதான் வெளியே தள்ளுகிறது, ஆகவே இந்தக் கட்டத்தை விரைவுபடுத்த வேண்டாம்.

80 பாகை தாண்டி, புகை மஞ்சளித்துப் புளித்த மணம் வந்ததும் சுத்தமான கானை மாட்டுங்கள். 80 முதல் 150 பாகை வரை வருவதே நல்ல மரக்காடி. யப்பானியர் வகுத்த தர அளவும் இதையே சொல்கிறது. அதற்கு மேலே போனால் கீலும், புற்றுநோய் தரக்கூடிய பல்வளைய ஐதரோகாபன்களும் கூடிவிடும். எண் 130ஐத் தாண்டும்போதே வெளி நெருப்பைப் பாதியாகக் குறையுங்கள். மஞ்சள் புகை தொடங்கி இருபது நிமிடம் ஆன பிறகு, எரியிடத்தில் வரும் வாயுவுக்கு நெருப்புக் காட்டலாம். இப்போதிருந்து உலை தன் வாயுவிலேயே பெருமளவு ஓடும், வெளி விறகு சிறிது போதும். ஒரு முழு ஓட்டத்துக்கு வெளி விறகு 15 முதல் 20 கிலோ போகலாம்.

தண்ணீரைக் கவனியுங்கள். 15 லீற்றர் காடி இறங்கும் ஓட்டத்துக்கு 200 லீற்றர் தண்ணீர் போதாது, மிகவும் சூடேறிவிடும். 400 லீற்றர் இருந்தால் ஐம்பது பாகைக்குள் நிற்கும். சூடு மேலேதான் தேங்கும். மேலிருந்து மொண்டு எடுத்து, அடியில் குளிர்ந்ததை விடுங்கள். இந்தத் தண்ணீர் குழாய்க்கு வெளியேதான் நிற்கிறது, அழுக்காகாது. ஆறவிட்டு அடுத்த ஓட்டத்துக்கும் எடுக்கலாம். ஆவணியில் கிணறு வற்றும் ஊர்களில் இது சிறிய விசயமில்லை.

150 பாகைக்கு மேல் வருவதை மூன்றாவது பாத்திரத்தில் பிடியுங்கள், அது கீலோடு சேரும். மூன்று நாலு மணி நேரத்தில் குமிழி குறைந்து, புகை மெல்லிய நீலமாகி, பின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதன் பின்னும் அரை மணி நேரம் பரலின் அடி மங்கிய சிவப்பாக இருக்கும்படி நெருப்பைப் பிடித்தால் கரி புகையாது.

இப்போது வருவதுதான் தவறவிடக் கூடாத படி. நெருப்புத் தணிந்ததும் பரலுக்குள் உள்ள வாயு சுருங்கி உள்ளே இழுக்கும். வாயுக் குழாய் தண்ணீரில் மூழ்கியபடி இருந்தால் தண்ணீர் மேலேறிச் சூடான பரலை நோக்கி வரும். தண்ணீர் உள்ளே போனால் நீராவியாகி வெடிக்கும். ஆகவே குமிழி நின்றவுடன், நெருப்பைக் கிளறி எடுக்கும் முன், தண்ணீர் வாளியைக் கீழே இறக்கிக் குழாயை விடுவியுங்கள். உடனே கீல் வாளிக்கு முந்திய இணைப்பைக் கழற்றிப் பரலின் வாயைக் களிமண் உருண்டையால் அடையுங்கள். முன்மூடி ஓரத்தில் வெடிப்பு இருந்தால் பூசுங்கள். கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். மேற்பக்கம் ஆறியிருந்தாலும் நடுவில் சூடு நிற்கும், காற்றுப் பட்டதும் முழுப் பரலும் கனன்று எழும். எடுத்த கரியை மண் தரையில் பரப்பி ஒரு நாள் விட்டபின்தான் உரப்பையில் கட்டலாம். புதுக் கரி ஒட்சிசனை உறிஞ்சித் தானாகச் சூடேறும். கட்டிய அன்றே கொட்டிலில் அடுக்கினால் இரவில் பற்றலாம்.

55 கிலோ விறகுக்கு 13 முதல் 16 கிலோ கரியும், 12 முதல் 18 லீற்றர் காடியும் வந்தால் உலை ஒழுங்காக ஓடுகிறது. கரி 10 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. முதலில் மூடி ஓரத்தைப் பாருங்கள். கரி கூடி, காடி குறைந்தால் சந்தோசப்படாதீர்கள், உள்ளே குறைக்கரி இருக்கிறது என்று பொருள். நல்ல கரியைத் தட்டினால் கண்ணாடி போலக் கணீரென்று கேட்கும், கையில் பிசுக்கு ஒட்டாது.

காடியைத் தெளியவைத்தல்

பச்சையாக இறங்கிய காடியைப் பயிருக்கு விடவே கூடாது. ஒடுங்கிய, உயரமான பிளாஸ்ரிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் நிழலில், அசைக்காமல், குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படை, அடியில் கறுத்த கீல், நடுவில் காடி எனப் பிரியும். சாய்த்து ஊற்றினால் மூன்றும் கலந்துவிடும். மெல்லிய ரியூப் விட்டு நடுப்படையை மட்டும் இழுங்கள். ரியூப்பை வாயால் உறிஞ்ச வேண்டாம், தண்ணீர் நிரப்பி இறக்கினால் தானே ஓடும். பிறகு நொறுக்கிய கரியும் துணியும் வைத்து வடியுங்கள்.

தரம் பார்க்க மூன்று வழி. நிறம்: பால் விடாத தேநீர் போலச் சிவந்து, போத்தலின் பின்னால் எழுத்து வாசிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும். நிறை: ஒரு லீற்றர் 1010 முதல் 1050 கிராம் வரை நிறுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் கூட, கூடினால் கீல் மிச்சம். புளிப்பு: பீஎச் தாளில் 3 அளவில் காட்டும். அமிலம் எத்தனை வீதம் என்று அறிய அப்பச்சோடா போதும். 100 மில்லிலீற்றர் காடியைப் பெரிய சாடியில் எடுத்து, நிறுத்து வைத்த சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரைப்பது நின்றதும், போன சோடாவின் கிராமை 0.71ஆல் பெருக்கினால் அமில வீதம் வரும். 7 கிராம் போனால் 5 வீதம். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள்.

வயலிலும் வீட்டிலும்

மிளகாய், கத்தரி, கச்சான் போன்றவற்றுக்கு இலையில் தெளிக்க 500 மடங்கு நீர்த்துத் தொடங்குங்கள். 16 லீற்றர் தெளிகருவித் தாங்கிக்கு 32 மில்லிலீற்றர். பின்னேரம், ஒரு வரிசைக்கு மட்டும் அடித்து நாலு நாள் பார்த்தபின் மற்றதற்குப் போங்கள். தேவைப்பட்டால் 300 மடங்கு வரை தடிப்பாக்கலாம். 50 மடங்கில் இளம் இலை கருகும். அந்தக் கருகலையே வரப்புக் களைக்குப் பயன்படுத்துவோர் உண்டு. மாட்டுக் கொட்டில், கோழிக்கூட்டின் நாற்றத்துக்கு 50 முதல் 100 மடங்கு நீர்த்துத் தெளிக்கலாம். சுண்ணாம்பு சேர்ந்த மருந்தோடு கலக்க வேண்டாம், அமிலம் அங்கேயே செத்துவிடும். காடி உரமல்ல, பூச்சிமருந்துக்கு முழு மாற்றும் அல்ல. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

கீல் வேலிக்குத்திக்கு. நிலத்துக்குள் போகும் பகுதியும் மேலே ஒரு அடியும், நன்றாகக் காய்ந்த குத்தியில் இளஞ்சூட்டுக் கீலை இரண்டு தடவை பூசினால் கறையான் அண்டத் தயங்கும். கீலை நேரடி நெருப்பில் சூடாக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வாளியை இறக்குங்கள். தோலில் படவிட வேண்டாம், அதில் புற்றுநோய்ப் பொருள்கள் உண்டு. சூட்டுக் கீல் ஒட்டினால் உரிக்காமல் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். காடி கண்ணில் தெறித்தால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுப் போங்கள்.

கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அடுப்புக்கும் கொல்லன் உலைக்கும் அதன் வழி தெரியும். தூளும் நொறுங்கலும் வீண் என்று எறியாமல், மாட்டெருவோடு சரிபாதி கலந்து இரண்டு மூன்று கிழமை ஊறவிட்டுப் பாத்திக்குப் போடுங்கள். ஊறாத கரி மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கரி மண்ணின் காரத்தைக் கூட்டுவதால், சுண்ணாம்பு மண்ணில் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

மெதனோலும் அசற்றோனும் ஏன் வேண்டாம்

ஒரு காலத்தில் உலகின் மெதனோல் முழுக்க மரத்திலிருந்துதான் வந்தது. மரமதுசாரம் என்ற பெயர் அதனால்தான். காடியைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, வற்றக் காய்ச்சி, கிடைத்த கல்சியம் அசற்றேற்றைச் சூடாக்கி அசற்றோன் எடுத்தார்கள். முதலாம் உலகப் போரில் வெடிமருந்துக்கு அது தேவைப்பட்டது. இந்தியாவில் பத்திராவதி இரும்பாலையில் மரக்கரியோடு இந்தப் பொருள்களும் எடுக்கப்பட்டன. இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இறப்பர்ப் பால் உறையவைக்கும் அசற்றிக்கமிலத்தை மாதம்பையில் சிரட்டையிலிருந்து எடுத்தார்கள். 1923இல் யேர்மனியின் லொய்னாவில் வாயுவிலிருந்தே மெதனோல் செய்யும் ஆலை ஓடத் தொடங்கிய பின், மர மெதனோலுக்கு விலை இல்லாமல் போனது. ஒரு தொன் விறகிலிருந்து வருவது இருபது கிலோவுக்கும் குறைவு.

விலையை விட உயிர் பெரிது. மெதனோல் 65 பாகையில் கொதிக்கும், அதன் ஆவி சிறு பொறியில் பற்றும். பத்து மில்லிலீற்றர் உள்ளே போனாலே கண்பார்வை போகலாம், முப்பது மில்லிலீற்றர் உயிரை எடுக்கலாம். கசிப்புப் புழங்கும் ஊரில், வடித்த தெளிந்த திரவம் ஒரு போத்தலில் இருந்தால் யாராவது எடுத்து வாயில் வைப்பார்கள். மரக்காடியிலும் சிறிதளவு மெதனோல் இருக்கிறது. ஆகவே சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். கானில் பெயரெழுதிப் பூட்டுங்கள், உணவில் சேர்க்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் மயக்கம் வரும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் இதன் கொடுமை.

அடுத்த ஓட்டத்துக்கு முன்

ஒவ்வொரு தடவையும் பரலை விட்டு வரும் குழாய்க்குள் கம்பி விட்டு இழுத்துக் கீலை எடுங்கள். மறுமுனையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். தூக்கித் தட்டு மண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். போட்ட விறகின் நிறை, வந்த கரி, காடி, 80 பாகை தொட்ட நேரம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பரலின் அடிதான் முதலில் மெலியும். சுத்தியலால் தட்டும்போது ஓசை அடைத்துக் கேட்டால் அரை வட்டம் திருப்பிப் போடலாம். அப்படித் திருப்பும்போது குழாய் வாய் கீழே போய்விடும். அதை வெட்டி மேற்பக்கத்தில் புதிதாக ஒட்டி, பழைய துளையைத் தகடு வைத்து அடைக்க மறக்காதீர்கள்.